தொட்டிச் செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்!

வரவேற்பறையில் வைத்த மணி பிளான்ட்டோ பீஸ் லில்லியோ இலை தொங்கி நின்றால், பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவதுதான். மறுநாளும் நிமிராவிட்டால் இன்னொரு சொம்பு. மொட்டை மாடியில் வெயிலில் நிற்கும் செடிக்கு இது பலிக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் செடியைப் பல நேரம் இந்த இரண்டாவது சொம்புதான் கொன்றுவிடுகிறது. ஏனென்றால், தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும், தண்ணீர் மிகுந்து வாடும் செடியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

ஈரத்தில் நிற்கும் செடி ஏன் வாட வேண்டும் என்று கேட்கலாம். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி முழுவதும் நீர் நிறைந்து நின்றால், ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் சாகத் தொடங்கும். மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றுகளைச் சாய்க்கும் பித்தியம் என்ற கிருமி, இந்த ஈரத்தில் தொட்டிக்குள்ளும் பெருகி வேரை அழுகச் செய்யும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் சேற்றில் நின்றபடியே செடி தாகத்தில் தவிக்கிறது.

எந்த வாட்டம் என்று கண்டறிய

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அடியில் சொதசொதவென்று இருக்கலாம். பெரிய தொட்டியாக இருந்தால் ஈர்க்குச்சியையோ மூங்கில் குச்சியையோ அடி வரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், ஈரம் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். சிறிய தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தாலே போதும். காய்ந்த தொட்டி தக்கைபோல இருக்கும்.

இலையும் சொல்லும். நீர் போதாத செடியில் இலை மெலிந்து, ஓரம் மொறுமொறுவென்று காயும். நீர் மிகுந்த செடியில் அடி இலைகள் மஞ்சளாகித் துவளும், தண்டின் அடிப்பகுதி அழுத்தினால் கொழகொழக்கும், மண்ணிலிருந்து புளித்த வாடை வரும். தொட்டியைச் சுற்றிச் சிறு கறுப்புக் கொசு போன்ற பூச்சிகள் பறந்தால், மண் நாள்கணக்கில் காயவே இல்லை என்று பொருள்.

பால்கனிச் செடி மதியம் 2 மணிக்கு வாடி, மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோய் அல்ல; வெயிலைத் தாங்கும் வழி. காலையிலும் வாடியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

காய்ந்து வாடிய செடிக்கு

இதைக் காப்பாற்றுவது எளிது. ஆனால், மேலே ஊற்றுவது உதவாது. நன்றாகக் காய்ந்த மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடித்துளையில் வெளியேறிவிடும். வேர்ப் பகுதி நனையவே நனையாது. ஒரு வாளியில் பாதித் தொட்டி மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, அதில் தொட்டியை 30 நிமிடம் நிறுத்துங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறி மேல்மண் நனைந்ததும் எடுத்து, நீர் முழுவதும் வடிந்த பிறகு நிழலில் வையுங்கள். பீஸ் லில்லி சில மணி நேரத்திலேயே நிமிர்ந்துவிடும்.

நர்சரியிலிருந்து வாங்கி ஓரிரு மாதங்களே ஆன செடி திரும்பத் திரும்ப வாடினால், அதன் வேரைச் சுற்றியுள்ள மண் உருண்டையைச் சந்தேகப்படுங்கள். பல செடிகள் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே தென்னை நார்க்கழிவுக் கலவையில் வைத்தால் சுற்றியுள்ள கலவை ஈரமாக இருக்கும், நடுவில் உருண்டை கல்லாகக் காய்ந்து கிடக்கும். மேலே சொன்னபடி ஊற வைத்து, உருண்டையின் ஓரங்களை மெல்ல உதிர்த்துவிட்டு மறுபடி நட வேண்டும்.

ஈரத்தில் வாடிய செடிக்கு

ஓரிரு இலைகள் மட்டும் மஞ்சளாகியிருந்தால், தண்ணீரை நிறுத்தி வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றினாலே தேறிவிடும். நேரடி வெயிலில் வைக்கக் கூடாது. வேர் கெட்ட செடியால் வெயில் கேட்கும் நீரைக் கொடுக்க முடியாது.

வாடை வந்தாலோ தண்டு கொழகொழத்தாலோ காத்திருக்க வேண்டாம், செடியை வெளியே எடுங்கள். மண்ணை உதறி வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் தோல் கழன்று, நடுவில் நூல் மட்டும் நிற்கும். அதையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால், நல்ல பகுதி தெரியும் வரை வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் வெட்ட வேண்டும். வேர் குறைந்த அளவுக்கு இலைகளையும் குறைப்பது நல்லது.

பழைய மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம். கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என்ற கலவை வீட்டுக்குள் வளரும் செடிகளுக்குப் பொருந்தும். இதோடு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் வேர் அழுகலுக்குக் காவலாக இருக்கும். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியே போதும். பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரம் கோத்துக்கொண்டு பழைய கதை திரும்பும். நட்டதும் ஒருமுறை நீர்விட்டு, மேல் இரண்டு அங்குலம் காயும் வரை பொறுத்திருங்கள். புதிய துளிர் வரும் வரை உரம் எதுவும் தேவையில்லை. நோயாளிக்கு விருந்து வைக்கும் வேலை அது.

வேர் முழுவதும் போய்விட்டாலும் மணி பிளான்ட்டைக் கைவிட வேண்டாம். நல்ல தண்டில் இரண்டு கணுக்கள் உள்ள துண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். ஸ்நேக் பிளான்ட்டின் இலைத் துண்டை மணலில் நட்டுப் பிழைக்க வைக்கலாம். மஞ்சள் கரை உள்ள ரகம் என்றால் புதிதாக வரும் கன்று கரையில்லாமல் பச்சையாகவே இருக்கும். பீஸ் லில்லிக்கு இந்த வசதி கிடையாது. அதைத் தூர் பிரித்துத்தான் பெருக்க முடியும். எனவே, அதன் வேரை முன்கூட்டியே கவனியுங்கள்.

மறுபடி வாடாமல் இருக்க

‘வாரம் இரண்டு முறை தண்ணீர்’ என்பதுபோன்ற கணக்கை நம்பாதீர்கள். மே மாதத்தில் இரண்டு நாளில் காயும் தொட்டி, ஐப்பசி மழையில் பத்து நாளானாலும் காயாது. இருண்ட மூலையில் உள்ள செடி, ஜன்னலோரச் செடியைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட் இரண்டும் கிழங்கிலும் இலையிலும் நீரைச் சேமிப்பவை. மண் முழுக்கக் காய்ந்த பிறகே அவற்றுக்கு ஊற்ற வேண்டும்.

பார்வைக்கு அழகான, ஆனால் துளையில்லாத பீங்கான் தொட்டிகளில் நேரடியாக நடாதீர்கள். அடியில் கூழாங்கல் பரப்பினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், ஆகாது. நீர் வெளியேற வழியில்லாமல் கல்லுக்கு மேலே மண்ணிலேயே தேங்கும். துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பீங்கானுக்குள் வைத்து, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுப்பதே சரி.

ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை நுனி கருகும். மழைநீரைப் பிடித்து ஊற்றலாம், அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடித்துளை வழியே வடியும்படி நல்ல தண்ணீர் தாராளமாகவிட்டு உப்பைக் கழுவலாம். மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். தேறிய செடிக்கு மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீரைத் தேங்கவிடாதீர்கள். வேருக்கு மட்டுமல்ல, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இப்படிப்பட்ட நீரில்தான். பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட்டின் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ மூன்றையும் கடித்தால் வாய் எரிந்து வீங்கும் என்பதால், தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிப்போட்ட இலைகளையும் தரையில் விட்டுவைக்க வேண்டாம்.