பானைச் சோறும் பதம் பார்த்தலும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி. ஒரே உலையில் ஒருங்கே வெந்த சோற்றுக்கு இது பொருந்தும். மக்களோ ஒருங்கே வெந்த பருக்கைகள் அல்லர். ஆகவே மக்களிடையே ஓர் ஆய்வு நிகழ்த்துவோர் எத்தனை பேரைச் சோதித்தால் போதும் என்னும் வினா எழுகிறது. இதற்கு விடைகாண உதவும் வரலாறு ஒன்று நெகிரி செம்பிலானில் உண்டு. அதுவும் சோற்றைப் பற்றியதே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக விளங்கிய பிராடன், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்தும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அருகியும் இருப்பதைக் கண்டார். அரிசியில் தோன்றும் நஞ்சே காரணம் என்று 1907-இல் தம் நூலில் எழுதினார். தவிட்டோடு நீங்கிவிடும் பி1 உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது.

ஆயினும், சீனர்க்கும் தமிழர்க்கும் அரிசி மட்டுமா வேறு? தொழிலும் உறைவிடமும் பிற உணவும் வேறு. இவ்வையத்தைத் தீர்க்கச் சோதனை வேண்டியிருந்தது. கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905 இறுதியில் அதனைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். ஓராண்டில் பச்சரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

புழுங்கலரிசி காக்கும் என்பதற்கு இவ்வெண்கள் போதும். எவ்வளவு காக்கும் என்பதற்குப் போதுமா? இறப்பின் வேறுபாடு நூற்றுக்கு 15. இன்றைய புள்ளியியல் முறைப்படி 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு கணக்கிட்டால், உண்மை வேறுபாடு ஏறத்தாழ 9 முதல் 22 வரை எங்கும் இருக்கலாம். இவ்விடைவெளியைப் பாதியாக்க ஆட்களை இரட்டித்தால் போதாது. நான்கு மடங்காக்கல் வேண்டும். அதாவது ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 480 பேர். பச்சரிசிப் பிரிவில் மாண்டோர் 18 பேர் என்பதை நினைத்தால், துல்லியத்தின் விலை யாதென்பது புலப்படும். மிகச் சிலரை வைத்து நடத்தும் ஆய்வு துன்பத்தை வீணாக்கும். தேவைக்கு மேற்பட்டோரை வைத்து நடத்துவது துன்பத்தைப் பெருக்கும். எவ்வளவு துல்லியம் வேண்டுமென முன்னரே வரையறுத்து ஆள் தொகையைக் குறிப்பது அதனால்தான்.

அதற்கு மக்களிடையே உள்ள வேறுபாட்டின் அளவு தெரிய வேண்டும். வங்காளத்தில் சணல் பயிரிட்ட நிலப்பரப்பை 1937 முதல் அளந்த மகலனோபிஸ், முதலில் சிறு முன்னோட்டம் நிகழ்த்தி அவ்வளவை அறிந்தார். பின்னரே துல்லியத்தையும் செலவையும் சீர்தூக்கி மாதிரியின் அளவை வகுத்தார்.

நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரம் மற்றொரு பாடம் தருகிறது. அங்கே பிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் சுமார் 300 பேரை இரு குழுவாக்கிச் சோதித்தனர். பச்சரிசிக் குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியபோது நோயும் அரிசியைத் தொடர்ந்து மறு குழுவுக்குச் சென்றது. அம்மாற்றமே அச்சோதனைக்கு வலிமை. ஏனெனில் ஓரிடத்தில் உறைந்து, ஒரே நீர் பருகி, ஒரே பானையில் உண்போர் தனித்தனிச் சான்றுகள் ஆகார்.

தோட்டத்து லயங்களுக்கும் இது பொருந்தும். லயத்துக்கு 20 பேர் வீதம் சோதிப்பதாகக் கொள்வோம். அவர்களிடையே உள்ள ஒப்புமை பத்தில் ஒரு பங்கேயாயினும், அதே துல்லியம் பெற 2.9 மடங்கு ஆட்கள் வேண்டும். ஆதலின் ஒரே லயத்தில் பலரைத் தேடுவதினும் பல லயங்களில் சிலரைத் தேடுவது நன்று.

பழமொழி பொய்க்கவில்லை. ஒரு சோறு பதம் சொல்வது ஒரு பானைக்கே. பானைகள் பலவாயின், பானைதோறும் பதம் பார்த்தல் வேண்டும்.