ரொட்டிக்குள்ள என்ன சுருட்டினோம்?

டிசம்பர் போயாவோட சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினா, நல்லதண்ணிக் கடைகள்ல சொசேஜ் பனிஸும் வந்துரும். ஹாட் டாக்கின் தூரத்துச் சொந்தம்! அதே கோதுமை மாதான் லயத்துல எங்களுக்கு ரொட்டி. தேங்காய்ப்பூ போட்டுச் சுடுவோம். வெங்காயம், பச்சை மிளகாய் அரிஞ்சு போடுவோம். சம்பலையோ நேத்து வச்ச கிழங்குக் கறியையோ உள்ள வச்சுச் சுருட்டுவோம். மலையில கொழுந்துக் கூடையோட நிக்கிறவங்க ஒரு கையாலேயே சாப்பிட்டுரலாம். 1916இல் நியூயோர்க் கோனி ஐலண்டில் நேதன்ஸ் கடை ஹாட் டாக்கை 5 சதத்துக்கு விற்றபோது, அதுவும் உழைக்கிற சனங்களின் கைச்சாப்பாடுதான்.

ஆனா ரொட்டி எங்க பூட்டன்மார் கொண்டுவந்த சாப்பாடு இல்ல. தோட்டம் அவர்களுக்கு அரிசியைக் கொடுத்து, காசைச் சம்பளத்தில் பிடித்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டோடு கோதுமை மாவும் லயத்துக்குள் வந்தது, போகவே இல்லை. 1973-74இல் அந்த மாவுக்கும் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். இதைப் பள்ளிக்கூடத்துல யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல.

2022இல் மா விலை எகிறினப்ப லயத்து ரொட்டியில வந்த புது வெரைட்டி ஒண்ணுதான்: மூணு ரொட்டி ரெண்டாச்சு.