பழைய தேக்கில் தச்சு மேசைப் பலகை

பிரிக்கப்பட்ட வீட்டு மரத்தை இணைத்து, தச்சர் வேலை செய்யும் மேசைக்குக் கனத்த மேற்பலகை அமைக்கும் முறை. செட்டிநாட்டில் இதற்குக் கிடைக்கும் முதன்மையான மரம் பர்மா தேக்கு.

காரைக்குடியை ஒட்டிய அரியக்குடி போன்ற நகரத்தார் ஊர்களின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூணும் உத்தரமும் கதவும் செய்வித்தனர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது அந்தச் செல்வத்துக்குப் பேரிடி. பிற்காலத்தில் பராமரிக்க இயலாமல் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு வருகின்றன.

நம் ஆசாரிகள் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து இழைத்தவர்கள். நின்று வேலை செய்யும் கனத்த மேசை ஐரோப்பியப் பட்டறை வழக்கம். அங்கே அதற்கு பீச் மரம் பெயர்பெற்றது. தேக்கு அதைவிட மென்மையானது என்றாலும் ஈரம் ஏறி இறங்கும்போது சுருங்குவதும் விரிவதும் குறைவு. வைரம் பாய்ந்த பழைய கட்டை பல பத்தாண்டுகள் உலர்ந்தும் இருக்கும். மேசைப் பலகைக்கு இதைவிட நம்பகமான மரத்தை இந்தப் பகுதியில் தேட வேண்டியதில்லை.

வேலை, ஆணி தேடுவதில் தொடங்குகிறது. காந்தத்தை ஓட்டி, புதைந்த ஆணிகளைப் பிடுங்கிய பிறகே ரம்பம் வைக்க வேண்டும். கரையான் தின்ற பகுதியையும் வெண்மரத்தையும் கழித்துவிட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தேக்குத் தூளே தோலையும் மூச்சையும் உறுத்தும். முகக்கவசம் கட்டாயம். கைமரங்களை 3 அங்குல அகலச் சட்டங்களாக அறுத்து, பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டுவது வலுவான முறை. எல்லாச் சட்டங்களிலும் நார் ஒரே திசையில் ஓட வேண்டும். இல்லையென்றால் மேற்பரப்பை இழைக்கும்போது பிய்ந்து வரும். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. அதனால் இழைத்த அன்றே முகங்களை அசிட்டோனால் துடைத்து ஒட்டிவிட வேண்டும். கிளாம்புகளை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டால் பலகை வளையாது. காய்ந்தபின் இழைப்புளியைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் ஓட்டிச் சமப்படுத்துவர். மரத்திலுள்ள சிலிக்கா கூரைத் தின்னும், அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலக் கனமுள்ள பலகை சுமார் 55 கிலோ இருக்கும். இழைப்புளியைத் தள்ளும்போது மேசை நகராமலிருக்க இந்தக் கனம் வேண்டும். கால்களோடு பூட்டும் போல்ட்டுத் துளைகளை அகலவாக்கில் சற்று நீட்டி வெட்டினால் மரம் அசைய இடம் கிடைக்கும்.

மேசைக்கு உகந்தவை வேலைப்பாடில்லாத கைமரம், சட்டம், உடைந்த உத்தரத் துண்டு ஆகியவை மட்டுமே. சிற்பம் செதுக்கிய நிலையையும் கதவையும் அறுக்கக் கூடாது. அவை முழுதாக இன்னொரு வீட்டு வாசலுக்குப் போக வேண்டியவை.