வரிசையில் நின்ற குடியரசுத் தலைவர்

நம் பிள்ளைகளின் கையில் கிடைக்கும் படக்கதை நூல்களில் மன்னர்களும் மந்திரிகளுமே பெரிதும் உலவுகின்றனர். ஒடுக்கப்பட்டோர் வரலாறு அவற்றுள் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று. 1979-இல் அமர் சித்திரக் கதை வரிசையில் பாபாசாகேப் அம்பேத்கரின் வரலாறு வெளிவந்தது. 2011-இல் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு ஓவியர்கள் வரைந்த ‘பீமாயணா’ வந்தது. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் தாகத்தை அது உலகிற்குக் காட்டிற்று. பட்ட இழிவைப் பிள்ளைகள் அறிய வேண்டும். பெற்ற உரிமையையும் அறிய வேண்டுமன்றோ? அதற்கேற்ற நிகழ்ச்சி ஒன்று குடியரசுத் தலைவர்களின் வரலாற்றில் உண்டு. பலரும் அறியாத அதனை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

1998 பிப்ரவரி 16, நாடாளுமன்றத் தேர்தல் நாள். புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்துப் பள்ளியொன்றில் வாக்குச்சாவடி அமைந்திருந்தது. அங்கே வாக்காளர் வரிசையில் திரு. கே. ஆர். நாராயணன் நின்றார். அவரே அந்நாளைய குடியரசுத் தலைவர். அப்பதவியில் இருப்பவர் பொதுத்தேர்தலில் வாக்களிப்பதில்லை என்பது அதுவரை இருந்த வழக்கம். சட்டம் தடுக்கவில்லை, மரபே தடுத்தது. அம்மரபு எடுத்துக்காட்டப்பட்ட போதும், வாக்களிப்பதில் அவர் உறுதியாக இருந்தார். பதவியில் இருக்கும்போதே பொதுத்தேர்தலில் வாக்களித்த முதல் குடியரசுத் தலைவர் அவரே. 1999 தேர்தலிலும் அவர் வாக்களித்தார்.

அன்று வரிசையில் நின்றவர் இளமையிலும் நின்றவர்தாம். நம் மேற்கு மலைக்கு அப்பால், திருவிதாங்கூரின் உழவூரில் ஏழை வைத்தியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து பள்ளி சென்றார். கட்டணம் செலுத்த இயலாமையால் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாள்களும் உண்டு. புத்தகம் வாங்க வழியின்றி, அண்ணன் பாடங்களைப் படியெடுத்துத் தந்தார். அச்சிறுவரே பின்னர் இலண்டனில் பேராசிரியர் லாஸ்கியிடம் பயின்று, சீனத்திலும் அமெரிக்காவிலும் இந்தியத் தூதராய் விளங்கி, 1997 சூலை 25 அன்று தலித் மக்களிலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

வகுப்பிற்கு வெளியே நின்றது விலக்கின் அடையாளம். வாக்குச்சாவடியில் நின்றது சமத்துவத்தின் அடையாளம். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பெரும் போராட்டம் உள்ளது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்தும் வரியும் உடையோரே வாக்களிக்க முடிந்தது. நிலமற்ற நம் முன்னோர்க்கு அதில் இடம் ஏது? 1928-இல் சைமன் குழுவின் முன் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டினார் அம்பேத்கர். 1951-52 பொதுத்தேர்தலில்தான் அது கைகூடிற்று. பண்ணையாருக்கும் ஒரு வாக்கு, பண்ணையாளுக்கும் ஒரு வாக்கு. குடியரசுத் தலைவருக்கும் ஒன்றே.

அந்த ஒன்றின் மதிப்பை இராதாபுரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் நம் தொகுதியின் முடிவு வெறும் 49 வாக்கு வேறுபாட்டில் அறிவிக்கப்பட்டது. அஞ்சல் வாக்குகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நம் ஒரு தெருவின் வாக்குகள் அதனினும் மிகுதி அல்லவா?

இளைஞர்களே! சங்கத்தின் இவ்வெள்ளி விழா ஆண்டில் இந்நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு ஒரு படநூலாக ஆக்கித் தாருங்கள். வகுப்பிற்கு வெளியே நிற்கும் சிறுவனையும், படியெடுக்கும் அண்ணனையும், வாக்காளர் வரிசையையும் வரையுங்கள். மாளிகையைப் பெரிதாக வரைய வேண்டா. வரிசையைப் பெரிதாக வரையுங்கள். பதினெட்டு ஆண்டு நிறைந்தோர் அனைவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, அவ்வரிசையில் தவறாது நில்லுங்கள். பணத்திற்கோ மிரட்டலுக்கோ அவ்வாக்கை விட்டுக்கொடாதீர்கள். கல்வி தந்த பயன் அதுவேயாகும்.