டெனோ

டெனோ என்பது ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே, சொந்தக் கணினியிலோ சர்வரிலோ ஓட்டுவதற்கான இயக்கச்சூழல். நோட்.ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரையன் டால் 2018இல் இதை அறிமுகப்படுத்தினார். கேட்டுப் பெறாத எந்த உரிமையும் நிரலுக்குக் கிடையாது என்பது இதன் அடிப்படை விதி.

உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் கட்டுக்காவலில் வளர்ந்த மொழி. முன்பின் தெரியாத இணையதளத்தைத் திறந்தாலும் அதன் நிரல் நம் கோப்புகளைத் தானாகத் தொட முடியாது. உலாவிக்கு வெளியே நிலைமை தலைகீழ்: ஓட்டுபவருக்குள்ள உரிமைகள் அனைத்தும் நிரலுக்கும் வந்துவிடும். இதன் விலையை உலகம் 2000 மே மாதம் பார்த்தது. காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த இணைப்பு, உண்மையில் விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய சிறு நிரல். சொடுக்கியதும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற இயக்கச்சூழல் மறுகேள்வி கேட்காமல் அதை ஓட்டியது. அது படக்கோப்புகளை அழித்தெழுதியது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது.

2009இல் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினைத் தனியே எடுத்துப் பயன்படுத்தியது. வி8க்குக் கோப்பு என்றால் என்ன, இணையம் என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. அவற்றைத் திறந்துவிடுவது அதைச் சுற்றியுள்ள இயக்கச்சூழல்தான். நோட் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. சொந்தமாக எழுதிய நிரலை ஓட்டும்வரை அதில் பெரிய சிக்கல் இல்லை. 2010இல் என்பிஎம் வந்து, யாரோ எழுதிய தொகுப்புகளை ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளும் வழக்கம் பரவிய பிறகுதான் ஆபத்து பெருகியது. ஒரு தொகுப்பு வேறு பல தொகுப்புகளை இழுத்துவரும். நிறுவும்போதே அவை தம் நிரலை ஓட்டவும் முடியும்.

டால் 2012இல் நோட்டின் பொறுப்பிலிருந்து விலகினார். 2018 ஜூனில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில், நோட்டில் தாம் வருந்தும் பத்து விஷயங்களைப் பற்றிப் பேசினார். பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. நிரலில் பிழை பார்த்துச் சொல்லும் சிறு கருவிக்குக் கணினி முழுவதும், இணையம் முழுவதும் எதற்கு என்பது அவர் வாதம். அதே மேடையில் டெனோவின் முன்மாதிரியையும் காட்டினார். சில மாதங்களிலேயே அவர் சொன்னதற்குச் சாட்சி கிடைத்தது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலத் தொகுப்பின் பொறுப்பு புதியவர் ஒருவரின் கைக்கு மாறியிருந்தது. கோபே என்ற பிட்காயின் பணப்பையிலிருந்து திருடும் நிரல் அதன் சார்புத் தொகுப்பு ஒன்றில் ஒளிந்திருந்தது தெரியவந்தது.

முன்மாதிரி கோ மொழியில் எழுதப்பட்டது. பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான்கள் வி8க்கும் கோவுக்கும் தனித்தனியே இருப்பது தொல்லை தரும் என்று கருதி ரஸ்ட் மொழிக்கு மாறினார்கள். 1.0 பதிப்பு 2020 மே 13 அன்று வெளிவந்தது.

டெனோவின் காவல் நிற்கும் இடம் வி8க்கும் ரஸ்டுக்கும் நடுவே உள்ள எல்லை. கோப்பைப் படிப்பது, சர்வரைத் தொடர்புகொள்வது, சூழல் மாறியைப் பார்ப்பது என எதுவானாலும் கோரிக்கை அந்த எல்லையைக் கடந்தாக வேண்டும். சரிபார்ப்பு அங்கே நடக்கிறது. கட்டளையில் ‘அலோ-நெட்’ என்ற அனுமதியோடு ஒரு முகவரியைச் சேர்த்து ஓட்டினால் அந்த முகவரிக்கு மட்டுமே வழி திறக்கும். எதுவும் குறிப்பிடாமல் ஓட்டினால், பிற்காலப் பதிப்புகள் முனையத்திலேயே நிறுத்திக் கேட்கும்: அனுமதிக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கும் ஓட்டை விழுந்தது. முனையத்தின் கட்டுப்பாட்டுக் குறியீடுகளைப் புகுத்தி, திரையில் தெரியும் நிரலின் பெயரையே மாற்றிக்காட்ட முடியும் என்று 2023இல் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

அதைவிடப் பெரிய குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. அனுமதி நிரல் முழுமைக்கும் பொது. வீட்டுக்காரருக்குக் கொடுத்த சாவி அவர் கூட்டிவந்த விருந்தாளிக்கும் பொருந்துவதுபோல, நாம் நம்பிய நிரலுக்குத் தந்த உரிமை அது இழுத்துவந்த ஒவ்வொரு தொகுப்புக்கும் கிடைக்கிறது. வேறு நிரலைத் தொடங்கும் ‘அலோ-ரன்’ அனுமதி இன்னும் மோசம்: தொடங்கப்பட்ட நிரல் டெனோவின் காவலுக்குள் வராது. எல்லா அனுமதியையும் ஒரே எழுத்தில் வாரிக்கொடுக்கும் குறுக்குவழியும் உண்டு. அவசரத்தில் கை அதற்குத்தான் போகும்.

தொடக்கத்தில் டெனோ என்பிஎம்மைத் தவிர்த்தது. தொகுப்புகளை இணைய முகவரியிலிருந்தே நேரடியாக எடுத்தது. கொள்கையளவில் சுத்தமான இந்த முடிவு நடைமுறையில் பலரைத் தள்ளியே வைத்தது. 2022இல் என்பிஎம் தொகுப்புகளுக்கு வாசல் திறந்தது. 2024 அக்டோபரில் வந்த டெனோ 2, டாலின் வருத்தப் பட்டியலில் இருந்த, தொகுப்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பையும் அவை இறங்கும் நோட்-மாட்யூல்ஸ் அடைவையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் நிறுவும்போது ஓடும் நிரல்களை மட்டும் தனி அனுமதி இல்லாமல் இன்றும் விடுவதில்லை.

நோட்டும் 2023இல், 20ஆம் பதிப்பில், சோதனை முயற்சியாக ஒரு அனுமதி முறையைச் சேர்த்தது. அங்கே அதை நாமே கேட்டு இயக்க வேண்டும். நம்பகமான நிரல் தவறுதலாக எல்லை மீறாமல் தடுப்பதே அதன் நோக்கம் என்றும், தீய நிரலுக்கு எதிரான உத்தரவாதம் அல்ல என்றும் நோட்டின் ஆவணம் சொல்கிறது. துளியும் நம்பாத நிரலை ஓட்டுவோர் இயங்குதள அளவிலான தடுப்புகளையோ மெய்நிகர் கணினியையோ கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்பது டெனோ ஆவணத்தின் அறிவுரை.