புல்லின் பெயர் கொண்ட பெண்

“இது மாதிரி வேற என்ன இருக்கு?” ஆசியக் காதல் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்த யாரும் மறுநாளே கேட்கிற கேள்வி. போன வாரம் அக்கா மகள் கேட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கொரியாவின் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ தொடரின் 25 பகுதிகளையும் லீவில் முடித்திருந்தாள். “இதே மாதிரி வேணும் சித்தி, ஆனா வேற கதையா இருக்கணும்” என்றாள்.

நான் நேர்மாறாகச் சொன்னேன். “இதே கதையை இன்னும் நாலு நாட்டுல தொடரா எடுத்திருக்காங்க. அதைப் பாரு.”

கதை தெரியாதவர்களுக்கு: பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே ‘எஃப் 4’ என்று நான்கு வாரிசுகள். அவர்களுக்குப் பிடிக்காதவனின் லாக்கரில் சிவப்பு அட்டை தொங்கும். அதற்குப் பிறகு மொத்தப் பள்ளியும் சேர்ந்து அவனை வதைக்கலாம். அட்டை ஒருநாள் ஓர் ஏழைப் பெண்ணுக்கு வருகிறது. அவள் பணியவில்லை, திருப்பி அடிக்கிறாள். அடி வாங்கிய தலைவனுக்கு அவள்மேல் காதல் வருகிறது.

இதைத் தொடங்கி வைத்தவர் ஜப்பானின் மாங்கா ஓவியர் யோகோ காமியோ. 1992இல் ‘மார்கரெட்’ இதழில் ‘ஹனா யோரி டாங்கோ’ வரத் தொடங்கியது. பூவைப் பார்ப்பதைவிடக் கொழுக்கட்டை தின்பது மேல் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. அதில் கொழுக்கட்டைக்குரிய எழுத்தை எடுத்துவிட்டு ‘ஆண்பிள்ளைகள்’ என்ற எழுத்தைப் போட்டார் காமியோ. உச்சரிப்பு அதே, பொருள் வேறு.

நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடராக இதை முதலில் எடுத்தது ஜப்பான் அல்ல, தைவான். ஜப்பானிய மொழி நிகழ்ச்சிகளுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. 1993இல் அது விலகியதும் கேபிளிலும் விசிடியிலும் ஜப்பானியத் தொடர்கள் வந்து குவிந்தன. அந்த ரசிகர்களை நம்பித் தயாரிப்பாளர் ஏஞ்சி சாய் 2001இல் ‘மீட்டியோர் கார்டன்’ எடுத்தார். 2002இல் சீன அரசு ஒளிபரப்பை நிறுத்தியது. விசிடியை யார் நிறுத்துவது? ஒருத்தர் பார்த்து இன்னொருத்தர் கையில் கொடுக்க, தொடர் போய்க்கொண்டே இருந்தது.

ஜப்பான் 2005இல்தான் நடிகர்களை வைத்துத் தன் தொடரை எடுத்தது. கொரியா 2009இல். ஜப்பானின் வெகுசனக் கலைக்குப் போட்டிருந்த தடையை 1998இல்தான் கொரியா தளர்த்தத் தொடங்கியிருந்தது. காலனி ஆட்சியின் காயம் அது. ஆனால் கொரிய முகங்களோடு வந்த அதே கதையை வீடே உட்கார்ந்து பார்த்தது. 2018இல் சீனாவும், 2021இல் தாய்லாந்தும் சேர்ந்துகொண்டன. சீனப் பதிப்பைத் தயாரித்தவரும் அதே ஏஞ்சி சாய்தான்.

நாயகியின் பெயரைக் கவனியுங்கள். ஜப்பானில் அவள் ட்சுகுஷி. வயலோரம் முளைக்கும் ஒரு களைச்செடியின் குருத்து. தைவானில் ஷான் சாய், அதே செடியின் இன்னொரு பெயர். கொரியாவில் ஜான்டி என்றால் புல். தாய்லாந்தில் கோர்யா என்றால் புல் கொத்து. மிதிபட்டாலும் முளைப்பவள் என்பதை யாரும் மாற்றவில்லை.

மாறியது எது? நாயகனின் கொடுமையை எவ்வளவு மன்னிப்பது என்ற கணக்கு. மூலக்கதையில் அவளை மிரட்ட ஆள் அனுப்புகிறவன் அவன். கொரியத் தொடரின் முதல் பகுதியிலேயே சிவப்பு அட்டை வாங்கிய ஒரு மாணவன் மாடியிலிருந்து குதிக்கப் போகிறான். சலவைத் துணி கொடுக்க வந்த ஜான்டி காப்பாற்றுகிறாள். அடுத்த சில மணி நேரத்தில் அவனை மறந்துவிட்டு நாயகனின் சுருட்டை முடியை ரசிக்கிறோம். நானும் அப்படித்தான் ரசித்தேன். சீனப் பதிப்பு வன்முறையைக் குறைத்து, நால்வரையும் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர்களாக்கி நல்ல பிள்ளைகளாக்கிவிட்டது. தாய்லாந்து ஒளிக்கவில்லை. வதைபடுகிறவர்களின் முகத்தை நிறுத்திக் காட்டுகிறது.

அதனால்தான் அவளிடம் “தாய்லாந்துதை முதல்ல பாரு” என்றேன். அதே மாதிரி இருக்கிற ஒன்றைக் கைகாட்டும்போது, எதையெல்லாம் காதல் என்று சொல்லிக் கொடுக்கிறோம் என்பதும் கூடவே போகிறது. இவளுக்குப் பதினைந்து வயது.

மூன்று நாள் கழித்து மெசேஜ் வந்தது. “சித்தி, இதுல அவன் ரொம்ப மோசமா இருக்கான்.”

“கொரியாவுலயும் அவன் அதைத்தான்டி செஞ்சான்.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு கேட்டாள்: “அந்த மாடிப் பையன் பேரு என்ன?”

எனக்கு நினைவில்லை. திரும்பப் போய் முதல் பகுதியைப் போட்டேன்.