எண்டோமெட்ரியோசிஸ்

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சூலகம், குடல் போன்ற இடங்களில் வளரும் நோய். கிரேக்கத்தில் 'எண்டோன்' உள்ளே, 'மெட்ரா' கருப்பை, 'ஓசிஸ்' நோய்நிலை. வெளியே வளர்வதற்கு 'உள்ளே' என்று பெயர்; முரண்தான். 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் இப்பெயரை நிலைநிறுத்தினார். ஸ்கேன் அறிக்கையில் வரக்கூடிய 'சாக்லேட் சிஸ்ட்', இந்நோயால் பழைய இரத்தம் தேங்கிய சூலகக் கட்டி. அந்தச் சொல் சாம்ப்சனின் 1921 கட்டுரையிலேயே உண்டு. மாதவிலக்கு வலியை 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று தள்ளிவிடுவதும் நோயறியத் தாமதமாவதற்கு ஒரு காரணம். இந்தத் தாமதம் 4 முதல் 12 ஆண்டுகள் வரை நீளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை: வலிமருந்து, ஹார்மோன் மாத்திரை, தேவையானால் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லையென்று ஆகிவிடாது.